பிள்ளைகளோடு ஐரோப்பா: குரூப் டூருக்குப் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

முதல் முறை நாங்கள் கடலூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனபோது மகளுக்கு 4 வயது. 11 நாளில் 7 நாடு. ஐந்தாம் நாள் ராத்திரி, நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஓர் ஓட்டல் அறைக்குள் பெட்டியை உருட்டிக்கொண்டு நுழைந்தோம். அவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "அப்பா, இன்னைக்கு இதுதான் நம்ம வீடா?" என்று கேட்டாள். முந்தின ஓட்டலிலும் இதையேதான் கேட்டிருந்தாள். அன்று காலை பாரிஸில் 6 மணிக்கு எழுப்பி, சுவிட்சர்லாந்து வரை கோச் எனும் சுற்றுலாப் பஸ்ஸிலேயே உட்கார வைத்திருந்தோம். வழியில் இரண்டு முறை வாந்தி.

இரண்டு வருடம் கழித்து மறுபடி போனோம். 9 நாள், 3 நாடு, மூன்றே ஓட்டல். அந்தப் பயணத்தைப் பற்றி அவள் இன்றும் பேசுகிறாள். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் எத்தனை நாடு என்று எண்ணக் கூடாது, ஒரே கட்டிலில் எத்தனை ராத்திரி என்று எண்ண வேண்டும். எனக்கு இது முதல் பயணத்தில் தெரியவில்லை. கடலூர், புதுச்சேரி பக்கமிருந்து முதல் தடவை கிளம்பும் குடும்பங்கள் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பிள்ளையின் வயது

4 வயதுக்குக் கீழே என்றால் குரூப் டூர் வேண்டாம் என்பதே என் கருத்து. 40 பேர் இருக்கும் குழு ஒரு குழந்தையின் மதியத் தூக்கத்துக்காகக் காத்திருக்காது, காத்திருக்கச் சொல்வதும் நியாயமில்லை. புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் அத்தையோ சித்தப்பாவோ இருக்கிறார்கள். அப்படி ஒரு வீடு இருந்தால், குழந்தை சின்னதாக இருக்கும்போது நேராக அங்கே போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வருவது எவ்வளவோ மேல். அதற்கு அந்த உறவினர் தன் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற வரவேற்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

5, 6 வயதுக்குக் குரூப் டூர் சரிப்படும், ஆனால் தேர்ந்தெடுத்துப் போக வேண்டும். 7 வயதுக்கு மேல் பெரும்பாலான டூர்களை அவர்கள் சமாளித்துவிடுவார்கள்.

விமான டிக்கெட்டில் 2 வயது முக்கியமான கோடு. அதற்குக் கீழே மடியில் வைத்துக்கொள்ளலாம், கட்டணமும் குறைவு. போகும்போது 2 நிறையாமல், திரும்பும் தேதிக்குள் நிறைந்துவிட்டால், திரும்பும் பயணத்துக்குத் தனி சீட் வாங்கியாக வேண்டும். பிறந்த நாள் நடுவில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஒத்திகை

பணம் கட்டும் முன் இதைச் செய்து பாருங்கள், பெரிய செலவில்லை. பாரிஸிலிருந்து பிரசெல்ஸ் சுமார் 310 கி.மீ. புதுச்சேரியிலிருந்து பெங்களூரும் ஏறக்குறைய அதே தூரம். ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் பஸ்ஸில் பெங்களூர் போங்கள். சாயங்காலம் லால்பாக்கில் இரண்டு மணி நேரம் நடங்கள். தூக்கிக்கொள்ளாமல் நடக்க வைக்க வேண்டும். ராத்திரி ஓட்டலில் தங்கி, மறுநாள் 6 மணிக்கு எழுப்பி, இட்லி தோசை இல்லாமல் ரொட்டியும் பாலும் கொடுத்து, மறுபடி பஸ் ஏற்றுங்கள்.

பிள்ளைக்கு எத்தனை மணி நேரத்தில் வாந்தி வருகிறது, எத்தனை மணிக்குக் கண் சொருகுகிறது, எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை ஒன்றுக்குப் போக வேண்டும் என்று எல்லாம் தெரிந்துவிடும். திரும்பியதும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். டூர் ஆபீஸில் உட்காரும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

பயணத் திட்டத்தைப் படிக்கும் முறை

இங்கேதான் நிதானம் வேண்டும். டூர் கம்பெனி கொடுக்கும் நாள்வாரித் திட்டத்தை அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள்.

முதலில் ஊர்ப் பெயர்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு நாளும் ராத்திரி எங்கே தங்கல் என்பதை மட்டும் வட்டமிடுங்கள். ஒரே ஊர் அடுத்தடுத்து இரண்டு அல்லது மூன்று ராத்திரி வந்தால் நல்லது. ஒரு ராத்திரித் தங்கல் மொத்தத்தில் ஒன்றுக்கு மேல் போனால் அந்த டூரை நான் ஒதுக்கிவிடுவேன். ஒரு ராத்திரித் தங்கல் என்றால், பெட்டியைப் பிரித்துப் பல்விளக்கும் பிரஷ்ஷை எடுத்துவிட்டு மறுபடி மூடுவதுதான். மறுநாள் காலை 6.30 மணிக்கெல்லாம் பெட்டி அறை வாசலில் இருக்க வேண்டும் என்பார்கள்.

அடுத்து, ஒவ்வொரு நாளுக்கும் கோச்சில் எத்தனை கி.மீ. என்று எழுதுங்கள். பிரசெல்ஸ் – ஆம்ஸ்டர்டாம் சுமார் 210, இது சுலபம். பாரிஸிலிருந்து சுவிட்சர்லாந்தின் லூசர்ன் 600-ஐத் தாண்டும். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரே பகலில் பஸ்ஸில் போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் முதல் பயணத்தில் வாந்தி எடுத்த நாள் இதுதான். பாரிஸிலிருந்து ரயிலில் சுவிட்சர்லாந்துக்குக் கூட்டிப்போகும் டூர்களும் உண்டு. கொஞ்சம் கூடுதல் பணம் கேட்டாலும் அதை எடுங்கள். ரயிலில் பிள்ளை எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு, வளைவுகளில் வயிறு புரட்டுவதும் குறைவு.

கோச் டிரைவர் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் டிரைவர் ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் வண்டி ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம் வரை. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். வண்டியில் உள்ள கருவி இதையெல்லாம் பதிவு செய்யும். அதனால் "சார், குழந்தை தூங்குது, அரை மணி நேரம் கழிச்சுக் கிளம்பலாமா?" என்று டூர் மேனேஜரிடம் கேட்டால் அவரால் சம்மதிக்க முடியாமல் போகலாம். அவருக்கு மனமில்லை என்று கோபப்பட வேண்டாம். திட்டமே நெருக்கமாக இருந்தால் அங்கே போய் யாராலும் தளர்த்த முடியாது, இங்கேயே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவதாக, சொற்களைக் கவனியுங்கள். 'பனோரமிக் டூர்', 'டிரைவ் பாஸ்ட்' என்றால் கண்ணாடி வழியாகப் பார்ப்பது. 'போட்டோ ஸ்டாப்' என்றால் இறங்கி, படம் எடுத்து, ஏறுவது. பிள்ளைகளுக்கு இரண்டாலும் பயனில்லை. இறங்கி ஓடி விளையாடும்படி குறைந்தது இரண்டு மணி நேரம் தினமும் ஓரிடத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். 'ஃப்ரீ டைம்' என்று எழுதியிருப்பது ஷாப்பிங் தெருவிலா, பூங்காவுக்குப் பக்கத்திலா என்று கேளுங்கள்.

பிள்ளைகளுக்குப் பிடிக்கும் இடங்கள்

பாரிஸ் டூரில் டிஸ்னிலாண்டுக்கு ஒரு முழு நாள் இருந்தால் நல்லது, அரை நாள் போதாது. அங்கே சில விளையாட்டுகளுக்கு உயரம் அளப்பார்கள். பிக் தண்டர் மவுண்டன் ரயிலுக்கு 102 செ.மீ. வேண்டும். வீட்டுச் சுவரில் அளந்து பார்த்து, எதில் ஏறலாம் எதில் முடியாது என்று பிள்ளையிடம் முன்பே சொல்லிவிட்டால் வரிசையில் நின்று அழ வேண்டியிருக்காது. நெதர்லாந்தில் தி ஹேக் நகரத்தின் மதுரோடாம் அருமையான இடம். அந்த நாட்டின் கட்டிடங்கள், ரயில், துறைமுகம் எல்லாவற்றையும் 25-இல் ஒரு பங்கு அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் குனிந்து பார்ப்பார்கள், நாம் நிம்மதியாக நிற்கலாம். லூசர்னில் போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது. நிஜ ரயில் எஞ்சின், விமானம் எல்லாம் அங்கே உண்டு, மழை பெய்தாலும் கவலையில்லை.

மலை விஷயத்தில் எச்சரிக்கை. சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராயோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் கடல் மட்டத்தில், வெள்ளி கடற்கரைக் காற்றில் வளர்ந்தவர்கள். அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பெரியவர்களுக்கே தலை வலிக்கும். சின்னக் குழந்தையாக இருந்தாலோ, சளி, வீசிங் இருந்தாலோ, கிளம்பும் முன்பே குழந்தை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் ஒருவர் மட்டும் மேலே போய் வரலாம், இன்னொருவர் பிள்ளையோடு கீழே ஏரிக்கரையில் இருக்கலாம். இரண்டாம் பயணத்தில் என் மனைவி மேலே போனாள், நானும் மகளும் கீழே தங்கினோம். ஏரியில் நீந்திய அன்னங்களை அவள் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மணல் குழியில் ஒரு சுவிஸ் பையன் தன் வாளியை அவளிடம் நீட்டினான். மொழி தெரியாமலே இருவரும் அணை கட்டினார்கள். ஊருக்கு வந்து ஆயாவிடம் (பாட்டியிடம்) அவள் முதலில் சொன்னது அந்த வாளியைத்தான்.

வெனிஸில் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படி. தள்ளுவண்டி அங்கே பாரம்தான். ரோமிலும் கல் பாவிய தெருக்கள். இத்தாலிக்கு மடக்கித் தோளில் மாட்டும் சின்ன வண்டியாக எடுத்துப்போங்கள். லண்டன் சேர்ந்த டூர் என்றால் பிரிட்டன் விசா தனி. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குச் சேர்த்து வாங்கும் ஷெங்கன் விசா அங்கே செல்லாது. இரண்டு விசா, இரண்டு செலவு. சிறு பிள்ளைகள் இருந்தால் இந்த முறை லண்டனை விட்டுவிடுங்கள்.

எந்த மாதம்

நமக்குப் பள்ளி விடுமுறை மே மாதம், அதனால் கேள்வியே இல்லாமல் முடிந்துவிடுகிறது. மே நல்ல மாதம்தான். நெதர்லாந்தில் டியூலிப் பூக்கள் உள்ள கோய்கென்ஹோஃப் தோட்டம் மே நடுவில் மூடிவிடும், அது வேண்டுமென்றால் மே முதல் வாரத்துக்குள் போக வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள்: மே நடுவில் பாரிஸில் சூரியன் மறைய ராத்திரி ஒன்பதரை மணி ஆகும், ஜூனில் பத்தை நெருங்கும். வெளியே பட்டப்பகலாக இருக்கும்போது பிள்ளை தூங்க மறுக்கும், காலையில் ஆறு மணிக்கு எழுப்ப வேண்டியிருக்கும். ஓட்டல் அறையில் கனமான திரை இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் மாட்டுவதற்கு இரண்டு கிளிப் எடுத்துப்போங்கள். நேர வித்தியாசம் அப்போது மூன்றரை மணி. நம் ஊரில் 6 மணி என்றால் அங்கே பின்னிரவு 2.30, முதல் மூன்று நாள் பிள்ளை அந்த நேரத்துக்கே விழித்துக்கொள்ளும். வந்திறங்கிய நாளிலேயே ஊர் சுற்றல் வைத்திருக்கும் டூரை எடுக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆபீஸில் உட்கார்ந்து கேட்க வேண்டியவை

'குழந்தைகளுக்கு ஏற்றது' என்று விளம்பரத்தில் பார்த்துத்தான் எங்கள் முதல் டூரை எடுத்தோம். குழந்தைக்குக் கட்டணம் குறைவு என்பது மட்டும்தான் அதன் பொருள் என்று போன பிறகுதான் தெரிந்தது. அதனால் நேராகக் கேளுங்கள். "மேடம், இந்த தேதியில இதுவரைக்கும் எத்தனை பிள்ளைங்க பதிஞ்சிருக்காங்க, என்ன வயசு?" இது முதல் கேள்வி. ஒரே வயதில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தால் உங்கள் பாதிக் கஷ்டம் குறையும்.

குழுவில் எத்தனை பேர்? கோச்சில் சீட்டைத் தினமும் மாற்றுவார்களா? பல டூர்களில் எல்லாருக்கும் முன் சீட் கிடைக்க வேண்டும் என்று சுற்றிவிடுவார்கள். பிள்ளைக்கு வாந்தி வரும் என்றால் முன் பக்க இருக்கை வேண்டும் என்பதை முன்பே சொல்லி மெயிலில் எழுதி வாங்குங்கள். அங்கே போய்ச் சொன்னால் சண்டையாகத்தான் முடியும். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துவார்கள்? சிறு பிள்ளைக்கான பூஸ்டர் சீட் கோச்சில் கிடைக்குமா? ஓட்டல் ஊருக்குள்ளா, 30 கி.மீ. தள்ளியா? தள்ளியிருந்தால் மதியம் பிள்ளையோடு திரும்பி வர வழியே இல்லை. ஒரு நாள் நிகழ்ச்சியை விட்டுவிட்டு ஓட்டலிலேயே இருக்க விடுவார்களா? கடைசியாக, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் போக வேண்டி வந்தால் யார் கூட வருவார்கள்? இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் ஆபீஸை நம்பலாம்.

பணம்

விலைப் பட்டியலில் பிள்ளைக்கு இரண்டு விலை இருக்கும்: கட்டிலோடு, கட்டில் இல்லாமல். கட்டில் இல்லாமல் என்றால் உங்கள் இருவருக்கு நடுவில் பிள்ளை படுக்க வேண்டும். ஐரோப்பிய ஓட்டல்களில் பல இடங்களில் இரண்டு ஒற்றைக் கட்டிலைச் சேர்த்துத்தான் போட்டிருப்பார்கள், நடுவில் பிளவு விழும். 5 வயதுக்கு மேல் கட்டிலோடு எடுங்கள். நல்ல தூக்கத்துக்குக் கொடுக்கும் பணம் அது.

சொல்லும் விலைக்கு மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி வரும். டிசிஎஸ் என்ற வரிப்பிடித்தமும் உண்டு, வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். அதன் விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, கட்டும் நாளில் என்ன என்று கேட்டு ரசீதில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். டிப்ஸ், மதியச் சாப்பாடு, விசா, இன்சூரன்ஸ் சேர்ந்ததா தனியா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

பாஸ்போர்ட், விசா

பிள்ளைக்குப் பாஸ்போர்ட் புதுச்சேரி சேவா கேந்திரத்திலேயே எடுக்கலாம். 5 வருடம்தான் செல்லும், அம்மா அப்பா இருவரும் கையெழுத்திட்ட அனெக்சர் டி என்ற உறுதிமொழிப் படிவம் வேண்டும். நமக்கு இனிஷியல்தான் பழக்கம், குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவோம். விடாதீர்கள். அப்பா பெயரையோ அம்மா பெயரையோ அதில் போடுங்கள், பிறப்புச் சான்றிதழிலும் எழுத்துக்கூட்டு ஒன்றாக இருக்கட்டும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் விமான டிக்கெட்டிலும் சில நாடுகளின் விசாவிலும் சிக்கல் கொடுக்கும்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள் முன்பு. மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே ஆரம்பித்துவிடுங்கள், சென்னை விசா விண்ணப்ப மையத்தில் தேதி கிடைப்பதே பாடு. 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயதுக்குக் கீழே கைரேகை எடுப்பதில்லை. மருத்துவ இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. பிள்ளைக்கும் தனியாக வேண்டும்.

சாப்பாடு

ராத்திரிச் சாப்பாடு இந்திய ஓட்டலில் இருக்கும், பெரும்பாலும் வடக்கத்தி சமையல். சாதமும் தயிரும் கேட்டால் கொடுப்பார்கள், காரத்தை மட்டும் முன்பே சொல்லுங்கள். காலையில் ரொட்டி, முட்டை, பால், பழம். மதியம்தான் சிரமம்.

பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், வெந்நீர் ஊற்றினால் வேகும் சேமியா உப்புமா மிக்ஸ் எடுத்துப்போகலாம். ஆனால் பால் பொருட்களும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. நெய் பாட்டில், பால்கோவா, பனீர் எதுவும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, காயவைத்துப் பொடித்தே கொண்டுபோங்கள். கைக்குழந்தைக்கான பால் பவுடர், குழந்தை உணவு மட்டும் திறக்காத பாக்கெட்டில், குளிர்பதனம் தேவைப்படாததாக இருந்தால், 2 கிலோ வரை அனுமதி. ஒரு நல்ல பிளாஸ்க் கட்டாயம். பல ஓட்டல் அறைகளில் கெட்டில் இருக்காது, காலைச் சாப்பாட்டு அறையில் வெந்நீர் பிடித்துக்கொள்ளலாம். அறையில் குக்கர் வைத்துச் சமைக்காதீர்கள், புகைக்கு அலாரம் அடித்துவிடும்.

மருந்துகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்: பாராசிட்டமால் சிரப், வாந்தி மருந்து, ஓஆர்எஸ். ஐரோப்பாவில் எங்கும் அவசர எண் 112.

கிளம்பும் நாள்

கடலூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு நாலு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள், புதுச்சேரியிலிருந்து மூன்று. ஐரோப்பாவுக்குப் பல விமானங்கள் பின்னிரவில் கிளம்புகின்றன. சாயங்காலமே புறப்பட்டு, வழியில் மாமல்லபுரம் பக்கம் நிறுத்தி, இட்லி கொடுத்து, ராத்திரி உடுப்பை மாற்றிவிடுங்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும், குடிக்கவோ சப்பவோ ஏதாவது கொடுங்கள்.

பெட்டியில் கடைசியாக ஒன்று: பிள்ளை வீட்டில் போர்த்திக்கொள்ளும் துணி. எங்கள் மகளுக்கு அது ஆயாவின் பழைய நூல் புடவை. துவைக்காமலே எடுத்துப்போனோம், வீட்டு வாசனை இருக்கட்டும் என்று. இரண்டாம் பயணத்தில் ஒவ்வொரு ஓட்டலிலும் அறைக் கதவு திறந்ததும், பெட்டியிலிருந்து அதை எடுத்து அவளே கட்டிலில் விரித்துவிட்டுத்தான் ஷூவைக் கழற்றுவாள்.